ஒன்றரை இஞ்சு இருட்டு

பூமியை ஒரு தேங்காயைப்போல் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு நாடு தெரியும், அந்த நாட்டுக்கு ராஜா கிடையாது, வரி கிடையாது, ஊர்க்கிணறு கிடையாது, ஆண்டுக்கு ஒரே ஒரு பகலும் ஒரே ஒரு இரவும்தான் உண்டு. துல்லியமாகச் சொன்னால் துருவப் புள்ளியில் மட்டும்தான் அப்படி, மற்ற இடங்களில் நடுவில் கொஞ்சம் இழுபறி இருக்கும், ஆனால் தூங்க முடியாமல் கிடப்பவனுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. அந்த நீண்ட பகலுக்கு மட்டும் வேலைக்குப் போய், இரவு தொடங்குமுன் கப்பலேறித் திரும்பிவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் அங்கே போனவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி டிரில்லர் செங்கோட்டுவேலு.

திருச்செங்கோட்டுக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போடாத மண் இந்தியாவில் குறைவு, ஆப்பிரிக்காவிலும் அவ்வளவு அதிகமில்லை. துருவத்தில் ஆண்டுதோறும் விழும் பனி முந்தைய ஆண்டுப் பனியின்மேல் படிந்து, அழுந்தி, கல்லைப்போல் இறுகி, மைல் கணக்கில் கனத்துக் கிடக்கிறது, அதைத் துளைத்து அடியிலிருக்கும் பழைய பனியை எடுத்தால் அந்தக் காலத்துக் காற்றும் தூசியும் அதில் அப்படியே இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. துளைக்கும் ஆள் கிடைக்காமல் அவர்கள் தவித்தபோது, ராஜஸ்தானில் கருங்கல்லைத் துளைத்துத் தன் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த இந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஓர் அதிகாரிக்கு ஞாபகம் வந்தது. செங்கோட்டுவேலு கப்பலேறினான், ஏறியபின்தான் அவன் மனைவி சாந்தாமணி பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்பது தெரிந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து, இருவரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திய பிறகு, அது நடந்திருந்தது, அதனால் மாதங்கள் கடந்தும் அவளுக்கே சந்தேகம் வரவில்லை. மாசிக் கடைசியில் பிரசவம் என்றார்கள். தைக் கடைசியில் கப்பல் கிளம்பும், அதைப் பிடித்தால் சரியாகப் போய்ச் சேரலாம், விட்டால் அடுத்த கப்பல் அடுத்த கார்த்திகையில்தான்.

மார்கழியில் துளைக்கும் வேலை முடிந்தது. வேண்டிய ஆழம் வந்துவிட்டது, நிறுத்தலாம் என்று நிலையத் தலைவர் நௌடியால் வாக்கி டாக்கியில் சொன்னார். இங்கேதான் திருச்செங்கோட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு நடந்தது. செங்கோட்டுவேலு வேலை கற்ற வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றுக்குச் சொந்தக்காரர் போதும் என்ற பிறகு, காசில்லாமல் இன்னும் ஒரு பைப்பு இறக்குவார்கள், மலைமேல் இருக்கும் சாமிக்கு என்று. அதற்குச் சாமி பைப்பு என்று பெயர். அது இறங்காமல் எந்த வண்டியும் எந்தத் தோட்டத்தைவிட்டும் கிளம்பியதில்லை. செங்கோட்டுவேலு அதை இறக்கினான். பத்தடி போனதும் பைப்பின் நுனியில் துளைக்கும் பிட்டு ஏதோ மெத்தையில் குத்தியதுபோல் பொதுக்கென்று உள்ளே போனது, என்ஜின் சத்தம் தணிந்தது, துளையின் வாயிலிருந்து கருப்பாக ஒன்று வழிந்து, ரிக்கின் காலைச் சுற்றிக்கொண்டு, பள்ளமான பக்கம் பார்த்து நகர்ந்தது.

அவன் குனிந்து அதில் கையை விட்டான். கை மணிக்கட்டுவரை காணாமல் போனது. எடுத்தான், கை இருந்தது. வாக்கி டாக்கியை எடுத்தான்.

"சார், தண்ணியில்லீங்க. இருட்டு வந்திருக்குதுங்க."

ராஜஸ்தானில் பழகிய இந்தியில்தான் இதைச் சொன்னான், அதனால் நௌடியாலுக்கு நன்றாகவே புரிந்தது. அவர் கார்வால் மலைக்காரர், பேச்சு குறைவு, எதையும் அளவு கேட்காமல் நம்பாதவர்.

"எவ்வளவு?"

"ஒன்றரை இஞ்சுங்க."

அவன் ஊரில் ஊற்றுத் தண்ணீரின் அளவை அப்படித்தான் சொல்வார்கள். தருக்க நூலார் இருளை ஒரு பொருளாக ஒப்புக்கொண்டதில்லை, அது ஒளி இல்லாமை, அவ்வளவுதான் என்றார்கள். மீமாம்சகர்களில் ஒரு சாரார், அதற்கு நிறம் இருக்கிறது, அசைவு இருக்கிறது, ஆகவே அது பொருள்தான் என்று பல நூற்றாண்டுகள் மல்லுக்கட்டினார்கள். அந்த வழக்கு துருவத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியால் தீர்ந்தது. வாளியைத் துளையருகே பிடித்தார்கள், நிறைந்தது. மூடி போட்டுத் தூக்கி வந்தார்கள். கனம் இல்லை, ஆனால் ததும்பியது.

எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள். ஆண்டாண்டாகப் பனி படிந்ததுபோலவே ஆண்டுக்கொன்றாக அந்த நீண்ட இரவுகளும் படிந்து அழுந்தியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் நியாயம்தான் என்றார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, ஏனென்றால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருந்தது: இதை வைத்துக்கொண்டு தூங்க முடியுமா?

நிலையத்தில் யாருக்கும் தூக்கம் இல்லை. ஜன்னலுக்கு அலுமினியத் தாளை ஒட்டினார்கள், கண்ணுக்குக் கருப்புத் துணி கட்டினார்கள், ஆனாலும் வெளியே சூரியன் ஒரு கடன்காரனைப்போல் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பது உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. முதல் வாளியைத் தன் அறைக்கு எடுத்துப்போனவர் சமையல்காரர் பெர்க்மான்ஸ். தூத்துக்குடிக்காரர், குளிர்காலத்துக்கும் அங்கேயே தங்கப்போகிறவர், வந்து இறங்கிய நாளிலிருந்து கண்மூடாதவர். கதவைச் சாத்தி, கட்டிலுக்கடியில் வாளியைச் சாய்த்தார். அன்று காலை உணவு மதியம்தான் வந்தது, யாரும் கோபப்படவில்லை, அவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் கையில் ஆளுக்கொரு வாளி இருந்தது.

"எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டான் செங்கோட்டுவேலு.

"என்னத்த சொல்ல, செங்கோட்டாரே. கனவு வந்துச்சு. அதுல ஒரு மனுசப்பய இல்ல. ஏன்னு கேட்க ஆளில்ல, சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்ல ஆளில்ல. வெறும் காத்து. அம்புட்டு சொகம் வேய்."

அது உண்மைதான். அந்த இரவுகள் படிந்த காலத்தில் அங்கே ஒரு மனிதரும் இருந்ததில்லை, அதனால் அவற்றில் வந்த கனவுகளிலும் யாரும் இல்லை. ஒரே கூரையின்கீழ் ஒருவர் இருமலை மற்றவர் கேட்டு மாதக்கணக்கில் வாழ்பவர்களுக்கு ஆளில்லாத கனவு எத்தகைய விருந்து என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சீக்கிரமே அது ஒரு நடைமுறையாயிற்று. ஆளுக்கு ஒரு வாளி, மூடி இல்லாமல் நடைவழியில் கொண்டுபோகக் கூடாது, எழுந்ததும் மிச்சத்தைக் கட்டடத்துக்குப் பின்னால் ஊற்றிவிட வேண்டும். ஒருமுறை சமையலறையில் அரை வாளி கவிழ்ந்து, ரசம் தீய்ந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த இருவர் நின்றபடியே தூங்கினார்கள். அண்டை நிலையத்து ருஷ்யர்கள் கேள்விப்பட்டு டிராக்டரில் வந்து, உப்புமீன் கொடுத்து, இரண்டு டிரம் இருட்டு வாங்கிப்போனார்கள். நௌடியால் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அதற்கு 'ஒளியிலா மாதிரி' என்று பெயர் வைத்தார், அலுவலகம் கப்பலில் இரண்டு லிட்டர் அனுப்பச் சொன்னது, எதற்கு என்று சொல்லவில்லை, அங்கேயும் யாருக்கோ தூக்கம் வரவில்லை போலும். பொங்கலன்று பெர்க்மான்ஸ் பானை வைத்துப் பொங்கினார், ஆனால் சூரியனுக்கு நன்றி சொல்லும் மனநிலையில் ஒருவரும் இல்லாததால் படையலைத் துளையின் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

பொங்கலுக்குப் பிறகு ஊற்று பெருகியது. ஒன்றரை இஞ்சு இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. பின்பக்கப் பள்ளம் நிறைந்து, கிடங்கின் படிகளை மூடி, ஹெலிகாப்டர் இறங்கும் இடத்துக்கு வந்து அங்கேயே குளம்போல் தேங்கியது. கப்பல் கடலோரத்தில் நின்றது, நிலையமோ உள்ளே தள்ளி இருந்தது, நடுவில் ஹெலிகாப்டர் ஒன்றுதான் வழி. பைலட் வந்து இடுப்பளவு இருட்டில் நின்று பார்த்துவிட்டு, தரை தெரியாமல் எடுக்க முடியாது என்றார். கப்பல் கேப்டன் ரேடியோவில், கடல் இறுகத் தொடங்கினால் யாருக்காகவும் நிற்கமாட்டேன் என்றார். இரண்டு பேரும் சொன்னது சரி.

செங்கோட்டுவேலு துளைக்கு இரும்பு மூடி வெல்டிங் வைத்தான். இருட்டு பனியில் விரிசல் கண்டு வேறிடத்தில் வந்தது. அங்கே அடைத்தான், உணவுக்கூடத் தரையிலிருந்து வந்தது. பொத்துக்கொண்டு வரும் ஊற்றை அடைக்க முடியாது, முழுவாயையும் திறந்துவிட்டு, அதன் வேகம் தீரும்வரை பக்கத்தில் நின்று, பைப்பை ஒவ்வொன்றாக மேலே எடுத்துக்கொண்டே வர வேண்டும் என்பது அவன் தொழிலில் முதல் பாடம். அதை நௌடியாலிடம் சொன்னான்.

"திறந்துவிட்டால் என்ன ஆகும்?"

"எல்லாம் வெளிய வந்து தீந்துருமுங்க. அப்புறம் துளை காஞ்சுரும்."

"அதன்பிறகு வாளி?"

"இல்லீங்க."

நௌடியால் ஜன்னலைப் பார்த்தார். கல்லூரிக் காலத்திலிருந்து அவர் சரியாகத் தூங்கியவர் இல்லை, இந்த ஒரு மாதத்தில்தான் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை மறைந்திருந்தது. தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாகவும் பதில் வரட்டும் என்றும் சொன்னார். மற்றவர்கள் அவ்வளவுகூடச் சொல்லவில்லை, செங்கோட்டுவேலு உணவுக்கூடத்துக்கு வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

"நீரு கப்பலேறிப் போயிருவீரு. நாங்கல்லா இங்க கண்ண முழிச்சிக்கிட்டுக் கெடக்கணும்" என்றார் பெர்க்மான்ஸ்.

"இன்னும் மூணு மாசத்துல ஒரேடியா ராத்திரிதானுங்களே வரப்போகுது. அப்பத் தூங்கறதுக்கென்ன?"

"அது வரும்போது வரட்டும். அடுத்த மாசம் கல்யாணச் சாப்பாடுன்னா இன்னைக்குப் பசிக்காதா வேய்?"

ஒரு பக்கம் பத்துப் பதினைந்து பேரின் தூக்கம், மறுபக்கம் ஒருவனுடைய பிள்ளை, இரண்டையும் ஒரே துளை அடக்கி வைத்திருந்தது.

வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசலாம். சாட்டிலைட் போன் உணவுக்கூடத்தில் இருந்தது, அதன் காதுக் குழாய் உடைந்துவிட்டதால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும், மனைவியிடம் கொஞ்சியவர்களும் மாமனாரிடம் குழைந்தவர்களும் எல்லாருக்கும் கேட்கத்தான் அதைச் செய்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்குப் பெர்க்மான்ஸ் அடுப்பிலிருந்தபடியே இந்தியில் மொழிபெயர்ப்பார், யாரும் கேட்டுக்கொண்டதில்லை, தன்னுடைய சேவையாக நினைத்துச் செய்துவந்தார்.

"ஏனுங்க, எப்பக் கெளம்பறீங்க?" என்றாள் சாந்தாமணி.

"ஹெலிகாப்டர் எடுக்க முடியாதுங்கறாங்க புள்ள. இருட்டா இருக்குது."

"அங்க ராத்திரியே வராதுன்னு போறப்பச் சொன்னீங்க."

"வராதுதான். நாந்தான் எடுத்துட்டேன். துளை போட்டதுல வந்திருச்சு."

வானத்தைச் சுற்றிவரும் அந்தப் போனில் இயல்பாகவே ஒரு தாமதம் உண்டு. அது முடிந்து, அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப மூடி போடுங்க."

"போட்டேன். அடங்கல."

"அடங்கலீன்னா தொறந்து வுட்டுப்போடுங்க. ஊருக்கெல்லாம் அதத்தான சொல்வீங்க? பதினாலு வருசம் விசேசம் இல்லியா இல்லியான்னு கேட்டவங்களுக்கெல்லாம் நாந்தான் பதில் சொன்னேன். இப்ப அப்பன் எங்கேன்னு கேப்பாங்க. குழி தோண்டி இருட்டை எடுத்துக் குடுத்துட்டு உக்காந்திருக்காருன்னு சொல்லட்டுமா?"

பெர்க்மான்ஸ் உற்சாகமாக மொழிபெயர்த்தார், தன் பங்குக்கு இரண்டு வசவும் சேர்த்தார், ஒருவரிருவர் சிரித்தார்கள்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க," என்றாள் சாந்தாமணி. "வேற யார்கிட்டயும் சொல்லல."

பெர்க்மான்ஸ் இதை மொழிபெயர்க்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டுக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்பது, சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தட்டைத் தள்ளிவைத்ததிலிருந்து தெரிந்தது.

நேரம் முடிந்து போன் அணைந்ததும் நௌடியால் எழுந்து தன் தட்டைக் கழுவினார். "நான் படுக்கப் போகிறேன்," என்றார், பட்டப்பகலில். "நான் விழித்திருக்கும்போது நடப்பதை மட்டும்தான் என்னால் அறிக்கையில் எழுத முடியும்." கதவருகே நின்று, "எல்லோரும் படுங்கள். வாளி வேண்டியிருக்காது," என்றார்.

துணைக்கு இருப்பதாகச் சொல்லிப் பெர்க்மான்ஸ் மட்டும் ஃபிளாஸ்க் நிறையக் கடுங்காப்பியோடு ரிக்குக்கு வந்தார். செங்கோட்டுவேலு மூடியை அறுத்து எடுத்தான். முதலில் ஒரு பெருமூச்சு வந்தது, பிறகு இருட்டு தென்னை உயரத்துக்கு எழும்பி, குடைபோல் விரிந்து இறங்கியது. "ஒமக்கு ஒண்ணு தெரியுமா செங்கோட்டாரே, எங்க ஊர்ல ஒருத்தன்," என்று பெர்க்மான்ஸ் ஆரம்பித்தார், அந்த ஒருத்தன் என்ன செய்தான் என்பது இன்றுவரை தெரியாது, அவர் ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார்.

அவன் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருட்டு நிலையத்தை மூடியது, ருஷ்யர்களின் நிலையத்தை மூடியது, பனிச்சரிவில் இறங்கிக் கடலோரம் போய்க் கப்பலை மூடியது, கேப்டன் வரைபடத்தின்மேல் தலைவைத்துத் தூங்கினார், பைலட் பூட்ஸை ஒரு காலில் போட்டபடி தூங்கினார், ஜெனரேட்டர் மெக்கானிக் தூங்கினார், டீசல் ஊற்ற ஆளில்லாமல் ஜெனரேட்டர் நின்றது, அதை நம்பி ஓடிய கடிகாரங்கள் எல்லாம் நின்றன, குளிரில் யாரும் விறைக்கவில்லை, ஏனென்றால் அத்தனை காலம் அழுந்திக் கிடந்த இருட்டு கம்பளியைப்போல் கதகதப்பாக இருந்தது. கடல்கூடத் தூங்கியிருக்க வேண்டும், இறுகாமல் கிடந்தது. அவன் ஒரு பைப்பை எடுப்பான், அடுக்குவான், அடுத்ததைப் பிடிப்பான். ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு நூற்றாண்டு இரவு மேலேறிப் போயிற்று, சிலவற்றில் நட்சத்திரங்கள் தூசிபோல் ஒட்டியிருந்தன, அவை இப்போது இருக்கும் இடங்களில் இல்லை. கண்ணை மூடினால் பைப்பு நழுவித் துளை அடைத்துக்கொள்ளும், அடைத்துக்கொண்டால் கப்பல் போய்விடும். அவன் கண்ணை மூடவில்லை. எல்லோருக்கும் அவரவர் பங்குத் தூக்கம் போய்ச் சேர்ந்தது, அவனுடைய பங்கும் அவன் கண்முன்னேதான் மேலேறிப் போனது, கையில் லீவர் இருந்ததால் அதைப் பிடிக்க முடியவில்லை.

கடைசிப் பைப்பு வந்ததும் துளை ஒருமுறை இருமி ஓய்ந்தது. மேலே சூரியன் இருந்த இடத்திலேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்பதைச் சொல்ல ஒரு கடிகாரமும் இல்லை, எழுந்தவர்களின் தாடி மார்புவரை வந்திருந்தது, நகங்களை வெட்டக் கத்தரி போதவில்லை, ஆனால் ரேடியோவில் கேட்டால் உலகத்தில் ஒரு நாள்கூட நகர்ந்திருக்கவில்லை. இதைப் பற்றியும் இரண்டு நாள் பேசியிருப்பார்கள், அதற்கு நேரம் இல்லை, ஹெலிகாப்டர் கிளம்பத் தயாராக நின்றது. நௌடியால் தரையைப் பார்த்துக் கைகுலுக்கினார். பெர்க்மான்ஸ் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொடுத்து, "பொம்பளப் புள்ளையா இருந்தா எனக்குச் சொல்லும், ஆம்பளையா இருந்தாலும் சொல்லும்," என்றார்.

கப்பலில் செங்கோட்டுவேலு தூங்கவில்லை. கேப் டவுனில் தூங்கவில்லை, விமானத்தில் தூங்கவில்லை. மாசியின் கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் நுழைந்தபோது சாந்தாமணி வலியோடு நடந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் நின்று, "தாடிய எடுத்துட்டு வந்திருக்கலாமுல்ல?" என்றாள், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தாள். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது.

அதன்பிறகும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. சோர்வில்லை, எரிச்சல் இல்லை, தூக்கம் மட்டும் இல்லை. டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை என்றார். திருச்செங்கோடு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கிடைத்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்தார்கள், சினை மாட்டை அவன் வாசலில் கட்டிவிட்டுப் போனார்கள், அதிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் அலாரம் வைப்பதை விட்டுவிட்டு அவனிடம் சொல்லிவைத்தார்கள். குழந்தையோ பகலெல்லாம் தூங்கி, விளக்கணைத்ததும் விழித்துக்கொள்ளும் ரகம். அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தபடி, கருங்கல்லில் பிட்டு எப்படி இறங்கும், செம்மண்ணில் எப்படி இறங்கும் என்று சொல்லிக்கொண்டிருப்பான், அது கண்ணை அகலத் திறந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

"ஏனுங்க, உங்களுக்குத் தூக்கம் திரும்ப வருமாங்க?" என்றாள் சாந்தாமணி ஒருநாள்.

"தெரியல. எம்பட பங்கு எங்கயோ போயிருச்சு."

"வந்தாச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் தூங்கிக்கறேன்," என்று திரும்பிப் படுத்தாள். அந்தத் தெருவில் பிள்ளை பெற்றவர்களில் அவளளவு நன்றாகத் தூங்கியவள் வேறொருத்தி இல்லை.

சித்திரையில் ஒருநாள், கத்திரி வெயில், கதவும் ஜன்னலும் அகலத் திறந்து கிடந்தன, சிமெண்டுத் தரை கண்ணைக் கூசும்படி வெளிச்சம், மின்சாரம் இல்லை, எதிர்வீட்டில் மாவு சலித்துக்கொண்டு ஏதோ சண்டை. சாந்தாமணி துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தாள். குழந்தை அவன் மார்பில் குப்புறக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தது. அது வழக்கம்தான். அவள் கூடையை இறக்கப் போனவள், இறக்காமல் நின்றாள். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்பு ஏறி இறங்கியது, அதோடு குழந்தையும் ஏறி இறங்கியது. அவன் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், கல்யாணமானதிலிருந்து சொல்லாத பெயர். அவன் அசையவில்லை.

ஜன்னலைச் சாத்தப் போனாள், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சினை மாட்டுக்காரர் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செங்கோட்டுவேலு இருக்காரா அம்மிணி? ராத்திரிக்கு இதைக் கொஞ்சம் பாத்துக்கோணும்."

சாந்தாமணி வெளியே வந்து கதவைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டாள்.

"வேற ஆளப் பாத்துக்கங்க," என்றாள், தணிந்த குரலில். "எங்க வூட்டுக்காரர் தூங்கறாரு."